தலையில் அடிபட்ட மகளுக்குத் தலைக்காப்பு வாங்கிக் கொடுத்தால் போதுமா?

கேள்வி: கொன்றைப்பூ

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் இங்கிலாந்தில், லண்டனுக்கு வடக்கே ஒரு சிறு நகரத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாக வசிக்கிறோம். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. எட்டு வயதிலிருந்து உள்ளூர்க் கழகம் ஒன்றின் சிறுமியர் அணியில் கால்பந்து ஆடி வருகிறாள். தடுப்பாட்ட வரிசையின் நடுவில் நிற்பவள் என்பதால், உயரமாக வரும் பந்துகளைத் தலையால் முட்டி அப்புறப்படுத்துவது பெரும்பாலும் அவள் வேலையாகவே இருக்கும்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தின் முதல் பாதியில், கார்னர் கிக்கில் வந்த பந்துக்காக அவளும் எதிரணிச் சிறுமி ஒருத்தியும் ஒரே நேரத்தில் எம்பியபோது இருவர் தலையும் மோதிக்கொண்டன. மகள் கீழே விழுந்தாள். ஆனால் மயங்கவில்லை, சில நொடிகளில் தானே எழுந்து நின்றாள். பயிற்சியாளர் அவளை வெளியே அழைத்து, நெற்றியில் பனிக்கட்டிப் பையை வைத்துப் பத்து நிமிடம் உட்கார வைத்தார்; இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்; நன்றாக இருக்கிறேன் என்று அவள் சொன்னதும் மீண்டும் களத்துக்குள் அனுப்பிவிட்டார். எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றிருந்த நானும் அதைத் தடுக்கவில்லை. அன்று மாலை தலை வலிக்கிறது என்றாள், கூடத்து விளக்கை அணைக்கச் சொன்னாள். இரவு சாப்பிடும்போது, இரண்டாம் பாதியில் தங்கள் அணிக்காகக் கோல் போட்டது யார் என்று என்னிடம் கேட்டாள். அந்தக் கோலுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

உடனே 111 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணுக்கு அழைத்து, அவர்கள் சொன்னபடி மருத்துவரிடம் காட்டினோம். கன்கஷன் எனப்படும் மூளையதிர்ச்சி என்று சொல்லி, ஓய்வும் கண்காணிப்பும் வேண்டும் என்றார்கள். இன்று ஐந்தாம் நாள். தலைவலி குறைந்திருக்கிறதே தவிர முற்றிலும் போகவில்லை. அவளோ, செல்சியின் கோல்கீப்பராக இருந்த பெட்ர் செக்கும், வுல்வ்ஸ் அணிக்கு ஆடிய ராவுல் ஹிமேனெஸும் அணிந்ததைப் போன்ற மெத்தை வைத்த தலைக்காப்பை வாங்கித் தந்தால் அடுத்த வாரமே ஆடலாம் என்று மன்றாடுகிறாள். அந்தத் தலைக்காப்பு உண்மையிலேயே காப்பாற்றுமா? தலையால் முட்டுவதை மட்டும் நிறுத்தச் சொன்னால் போதுமா? அல்லது ஆட்டத்தையே விட்டுவிடச் சொல்வதுதான் தாயின் கடமையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: தென்னங்கீற்று

சகோதரி, நான் இந்த நாட்டில் பிசியோதெரபிஸ்டாகப் பணியாற்றுகிறேன். விளையாட்டில் அடிபட்டு வரும் பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். உங்கள் மருத்துவர் சொல்வதற்கு மேலாக நான் எதையும் சொல்ல முடியாது என்றாலும், தலைக்காப்பைப் பற்றிய கேள்விக்குத் தெளிவான விடை உண்டு.

செக்குக்கும் ஹிமேனெஸுக்கும் நேர்ந்தது மண்டையோட்டு முறிவு. செக்குக்கு 2006 அக்டோபரில் ரெடிங் அணியுடனான ஆட்டத்தில் எதிரணி வீரரின் முழங்கால் பட்டு மண்டையோடு உள்ளே அமிழ்ந்தது. ஹிமேனெஸுக்கு 2020 நவம்பரில் ஆர்சனல் அணியின் டேவிட் லூயிஸுடன் தலை மோதி மண்டையோடு உடைந்தது. உடைந்து அறுவை செய்யப்பட்ட எலும்பின் மேல் மறுபடி அடி விழாமலிருக்கவே அவர்கள் அந்தக் காப்பை அணிந்தார்கள். எலும்பையும் தோலையும் அது ஓரளவு காக்கும். உங்கள் மகளுக்கு எலும்பில் ஒன்றும் ஆகவில்லை. அடி வாங்கியது மூளை. முற்றிய தேங்காயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே நீர் அசைவது கேட்கும். அதே தேங்காயை மட்டை உரிக்காமல் குலுக்கினாலும் நீர் அசையத்தான் செய்யும். தலை சட்டென்று திரும்பும்போதோ நிற்கும்போதோ மண்டையோட்டுக்குள் மூளை நகர்ந்து, அதன் நுண்ணிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. வெளியே கட்டிய மெத்தையால் அந்த அசைவை நிறுத்த முடிவதில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் உயர்நிலைப்பள்ளி அணிகளில் ஆடிய 2,766 பேரை வைத்து, சில பள்ளிகளுக்குத் தலைக்காப்பு கொடுத்தும் சில பள்ளிகளுக்குக் கொடுக்காமலும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். மூளையதிர்ச்சி அடைந்தவர்களின் விகிதத்தில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. காப்பு அணிந்திருக்கிறோம் என்ற துணிச்சலில் பிள்ளை இன்னும் வேகமாகப் போய் மோதக்கூடும் என்ற கவலையும் எனக்கு உண்டு.

ஆகவே அடுத்த வாரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தொழில்முறை அல்லாத அடிமட்ட விளையாட்டுகள் அனைத்துக்குமாகப் பிரிட்டனில் 2023 ஏப்ரலில் வெளியிடப்பட்ட வழிகாட்டுதல், ஐயம் இருந்தால் வெளியே உட்கார வையுங்கள் என்பதைத் தலையாய விதியாகக் கொண்டது. மூளையதிர்ச்சி என்று ஐயம் எழுந்தாலே போதும், அந்த வீரர் அன்றைய தினம் மறுபடி களம் இறங்கக் கூடாது. முதல் 24 மணி நேரம் அவரைத் தனியே விடக் கூடாது. அந்த நேரத்துக்குள் மருத்துவத் துறையினர் ஒருவரின் மதிப்பீடு வேண்டும். முதல் இரண்டு நாள் கைபேசித் திரையையும் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு முழு இருட்டறை ஓய்வு தேவையில்லை. தொந்தரவு கூடாத அளவுக்கு நடை, பாதி நாள் பள்ளி, மெல்லிய உடற்பயிற்சி என்று படிப்படியாக ஏற வேண்டும். தலையில் அடிபட வாய்ப்புள்ள பயிற்சிக்குத் திரும்ப வேண்டுமானால், ஓய்வாக இருக்கும்போது எந்த அறிகுறியும் இல்லாத 14 நாள்கள் கடந்திருக்க வேண்டும். போட்டி என்பது அடிபட்ட நாளிலிருந்து எப்படிப் பார்த்தாலும் 21 நாளுக்கு முன்னால் கிடையாது. பள்ளிக்கு முழுமையாகத் திரும்பிய பிறகுதான் ஆட்டம் என்பதை மகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். 28 நாள் கடந்தும் தலைவலி நீடித்தால் மறுபடி மருத்துவரைப் பாருங்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலோ, எழுப்பக் கடினமான தூக்கமோ வலிப்போ கைகால் பலவீனமோ கண்டாலோ காத்திருக்காமல் 999 என்ற அவசர உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

அவள் மயங்கவில்லை என்பதை நீங்கள் ஓர் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். மூளையதிர்ச்சி அடைந்தவர்களில் நினைவிழப்பவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால், அரிதாகவேனும், இளம் வயதினரின் மூளை கட்டுக்கடங்காமல் வீங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடுவது உண்டு. அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு அவளைக் களத்துக்குள் அனுப்பியதைத்தான் நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். தலைக்காப்பு இல்லாததை அல்ல.

பதில்: பனங்கூடல்

அக்கா, நான் யாழ்ப்பாணத்தில் ஊர்க் கழகத்துக்கு உதைபந்தாட்டம் ஆடி வளர்ந்தவன். இப்போது இங்கே வார இறுதிகளில் சிறுவர் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கிறேன். எங்கள் காலத்தில் மண் மைதானத்தில் தலை மோதி விழுந்தவனின் முகத்தில் தண்ணீர் தெளித்து, அவன் கண் திறந்ததும் கைதட்டி உள்ளே அனுப்புவோம். அதுவே வீரம் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அப்படி நானே இரண்டு முறை திரும்ப இறங்கியிருக்கிறேன், அதில் ஓர் ஆட்டத்தின் பிற்பகுதி இன்றுவரை என் நினைவில் இல்லை. அதனால் உங்கள் மகளின் பயிற்சியாளரை நான் கொடியவர் என்று நினைக்கவில்லை. ஆனால் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய பயிற்சி கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

உலகக் கோப்பையிலேயே இது நடந்திருக்கிறது. 2014 இறுதி ஆட்டத்தின் 17ஆம் நிமிடத்தில் ஜெர்மனியின் கிறிஸ்டோப் கிராமர் அர்ஜென்டினாவின் எசேக்கியேல் கராயின் தோளில் மோதி விழுந்தார். அவரைப் பார்த்துவிட்டு மீண்டும் ஆடவிட்டார்கள். சற்று நேரத்தில் அவர் நடுவர் நிக்கோலா ரிசோலியிடம் வந்து, இது இறுதி ஆட்டம்தானா என்று கேட்டார். ரிசோலி அதைச் சக வீரர் ஷ்வைன்ஸ்டைகரிடம் சொல்ல, 31ஆம் நிமிடத்தில்தான் கிராமர் வெளியே எடுக்கப்பட்டார். உலகத்தின் சிறந்த மருத்துவர்கள் பக்கத்தில் இருந்தும் பதினான்கு நிமிடங்கள் அவர் அந்த நிலையில் ஆடினார். அந்த ஆண்டு செப்டம்பரில், ஐயத்துக்குரிய தலையடி என்றால் நடுவர் மூன்று நிமிடம் வரை ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்கவிடலாம் என்ற நடைமுறை வந்தது. ஹிமேனெஸுடன் மோதிய டேவிட் லூயிஸும் தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு இடைவேளை வரை ஆடினார். அதன் பிறகு எழுந்த விவாதங்களின் நடுவில், 2021 பிப்ரவரியில் பிரீமியர் லீக் மூளையதிர்ச்சிக்கான கூடுதல் மாற்று வீரர் முறையைச் சோதனையாகத் தொடங்கியது. 2024 ஜூலை முதல் அது ஆட்ட விதிகளிலேயே இடம்பெற்றுவிட்டது. அந்த முறையில் வெளியேறியவர் திரும்பி வரவே முடியாது. ரக்பியில் இருப்பதைப் போலத் தற்காலிக மாற்று வீரரை இறக்கிவிட்டு அடிபட்டவரை அமைதியாகச் சோதிக்க வேண்டும் என்று வீரர்களின் உலகச் சங்கமான பிப்ரோ கேட்டு வருகிறது. தொழில்முறை ஆட்டத்தைப் பொறுத்தவரை எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது, ஏனென்றால் நிரந்தரமாக இழந்துவிடுவோம் என்ற அச்சம் இருக்கும்வரை அணியினர் தலையடியை மூடி மறைக்கவே பார்ப்பார்கள்.

ஆனால் நம் பிள்ளைகளின் ஆட்டத்தில் நிலைமை நேர் எதிரானது. இங்கே வெளியே போனவர் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பி வரலாம். ஆள் குறையும் என்ற சாக்கே எழாததால் அடிபட்ட பிள்ளையை உடனே வெளியே எடுக்க எந்தத் தடையும் இல்லை. ஆனால் அதே விதிதான் பத்து நிமிடம் கழித்து அவளை மறுபடி அனுப்பவும் வழிவிடுகிறது. எப்படி இருக்கிறது என்ற கேள்வியால் பயனில்லை, ஆட விரும்பும் பிள்ளை நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்லும். நாங்கள் கேட்கக் கற்றுக்கொண்ட கேள்விகள் வேறு: இன்று எந்த மைதானத்தில் ஆடுகிறோம், இது எந்தப் பாதி, கடைசிக் கோலைப் போட்டது யார், போன வாரம் யாருடன் ஆடினீர்கள், அதில் வென்றீர்களா? பதில் தடுமாறினால் ஆட்டம் அவருக்கு முடிந்தது. எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாலும், தலைவலியோ மயக்கமோ இருந்தால் அப்போதும் முடிந்ததுதான். உங்கள் மகள் இரவுச் சாப்பாட்டின்போது உங்களிடம் கேட்டது இந்தக் கேள்விகளில் ஒன்றைத்தான் என்பதைக் கவனித்தீர்களா, அக்கா?

இன்னொன்றையும் நடுவர் என்ற முறையில் சொல்ல வேண்டும். உதைபந்தாட்டத்தில் ஏற்படும் மூளையதிர்ச்சிகளில் பெரும்பாலானவை பந்து பட்டு வருவதில்லை. பந்துக்காக எம்பும் இருவரின் தலையோ முழங்கையோ தோளோ மோதித்தான் வருகின்றன. 2006இல் எதிராளியின் தலையை வேண்டுமென்றே முழங்கையால் இடிப்பவருக்குச் சிவப்பு அட்டை என்று விதியைக் கடுமையாக்கிய பிறகு ஜெர்மனியின் முதல்நிலைத் தொடரில் தலைக்காயங்கள் குறைந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிறுவர் ஆட்டத்தில் கை ஓங்கியபடி எம்பும் பிள்ளையை முதல் தடவையிலேயே விசில் ஊதி நிறுத்தும் நடுவர், எந்தத் தலைக்காப்பையும்விடக் கூடுதலான பிள்ளைகளைக் காக்கிறார்.

பதில்: வைகைக்கரை

மேலே இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பந்தை முட்டுவதைச் சிறிய விஷயமாக விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. மோதல் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. முட்டுவதால் வரக்கூடிய கேடோ நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவருகிறது.

வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் அணியின் ஜெப் ஆஸில், 1968 எப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவர், தலையால் கோல் போடுவதில் பெயர் பெற்றவர். மறதிநோயில் வாடி 2002இல் 59 வயதில் இறந்தார். ஆண்டுக்கணக்கில் பந்தை முட்டியதால் வந்த தொழில்சார் நோய் என்றே மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். 2014இல் கிளாஸ்கோவின் நரம்பியல் நோயியல் மருத்துவர் வில்லி ஸ்டூவர்ட் அவருடைய மூளையை மீண்டும் ஆராய்ந்து, குத்துச்சண்டை வீரர்களிடம் முன்பே அறியப்பட்டிருந்த சி.டி.இ. என்ற மூளைச் சிதைவு நோயைக் கண்டார். அதே ஸ்டூவர்ட்டின் குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு, 1976ஆம் ஆண்டுக்குள் பிறந்த 7,676 முன்னாள் ஸ்காட்லாந்துத் தொழில்முறை வீரர்களைப் பொதுமக்கள் சுமார் 23,000 பேருடன் ஒப்பிட்டது. நரம்புச் சிதைவு நோயால் இறக்கும் வாய்ப்பு வீரர்களுக்கு ஏறத்தாழ மூன்றரை மடங்காக இருந்தது. 2021இல் அதே குழு ஆட்ட இடங்களைப் பிரித்துப் பார்த்தபோது, பந்தை முட்டவே தேவையில்லாத கோல்கீப்பர்களுக்குப் பொதுமக்களுக்குரிய அளவே ஆபத்து இருந்தது. தடுப்பாட்டக்காரர்களுக்கோ ஐந்து மடங்கு. உங்கள் மகள் நிற்பது தடுப்பாட்டத்தில் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அச்சுறுத்துவதற்காகச் சொல்லவில்லை என்பதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்றரை மடங்கு என்பது கேட்கப் பெரிதாக இருந்தாலும், அந்த நோய்களை முதன்மைக் காரணமாகக் கொண்டு இறந்தவர்கள் வீரர்களில் 1.7 சதவீதம், மற்றவர்களில் 0.5 சதவீதம். அதே வீரர்கள் எழுபது வயது வரை மற்றவர்களைவிடக் குறைவாகவே இறந்தார்கள். இதய நோயும் நுரையீரல் புற்றுநோயும் அவர்களை அவ்வளவாகக் கொல்லவில்லை. 2023இல் வெளியான சுவீடன் ஆய்வு, முதல்நிலைத் தொடரில் ஆடிய 6,007 ஆண்களைப் பார்த்து, ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்றது. அங்கும் கோல்கீப்பர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை. இவர்கள் அனைவரும் ஆண்கள், தொழில்முறை வீரர்கள், அவர்களில் பலர் மழையில் நீரை உறிஞ்சிக் கனத்துப்போகும் தோல் பந்தை முட்டியவர்கள். வாரம் ஒரு முறை ஆடும் சிறுமிக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும், பயிற்சியில் தவிர்க்க முடிந்ததைத் தவிர்க்காமல் விட எந்தக் காரணமும் இல்லை என்பதே என் உறுதியான எண்ணம்.

அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு, பெற்றோர் தொடுத்த வழக்கைத் தொடர்ந்து, 2015இல் பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பந்தை முட்டுவதைத் தடை செய்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றும் 2020 பிப்ரவரியில் தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் முட்டுவதே கூடாது என்றன. இங்கிலாந்தில் 2024-25 பருவத்திலிருந்து மிக இளையோர் ஆட்டங்களிலிருந்தும் அது படிப்படியாக நீக்கப்படுகிறது. உங்கள் மகளின் வயதில் 14 வயதுக்குட்பட்டோர் அணி என்றால், வாரத்தில் ஒரே ஒரு பயிற்சியில் அதிகபட்சம் பத்து முறை என்று வழிகாட்டுதல் சொல்கிறது. தொழில்முறை வீரர்களுக்கே 2021 முதல் வாரத்துக்குப் பத்து வலுவான முட்டல்கள்தான் அளவு. அந்தக் கழகத்தில் யாராவது அதை எண்ணுகிறார்களா என்று கேளுங்கள். பந்தின் அளவு வயதுக்கு ஏற்றதா, அதில் காற்று அனுமதிக்கப்பட்ட அளவின் கீழ்ப்பகுதியில் இருக்கிறதா என்றும் பாருங்கள், விதிப்படி 0.6 முதல் 1.1 வளிமண்டல அழுத்தம் வரை இருக்கலாம். கல்லாக இறுகிய பந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை.

கேள்வி கேட்டவர்: கொன்றைப்பூ

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. பனங்கூடல் தம்பி சுட்டிக்காட்டிய பிறகுதான், அந்தச் சாப்பாட்டு மேசைக் கேள்வி எவ்வளவு பெரிய அறிகுறி என்பது எனக்கு உறைத்தது. தலைக்காப்பு வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டோம்; ஏன் என்று தேங்காயை வைத்து விளக்கியபோது மகளும் ஒருவாறு ஒத்துக்கொண்டாள். ஆனால் பயிற்சியாளரிடம் எப்படிப் பேசுவது? அவர் சம்பளமில்லாமல், தன் மகளும் ஆடுகிறாள் என்பதற்காக வருபவர். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் கழகத்துக்கு ஆளே கிடைக்காது. தவிர, சிறுமிகளுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்று கேள்விப்பட்டேன், அது உண்மையா?

பதில்: தென்னங்கீற்று

உண்மைதான். ஒரே ஆட்டத்தை ஆடும் சிறுவர்களைவிடச் சிறுமிகளிடம் மூளையதிர்ச்சி அதிகம் பதிவாகிறது. கழுத்துத் தசைகளின் வலிமை வேறுபடுவதும், சிறுமிகள் வலியை ஒளிக்காமல் சொல்வதும் அதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன. அவள் முழுமையாகக் குணமான பிறகு, உடற்பயிற்சியின் பகுதியாகக் கழுத்தை வலுப்படுத்தும் எளிய பயிற்சிகளைச் சேர்க்கலாம். நெற்றியிலும் பக்கங்களிலும் கையை வைத்து, தலை அசையாமல் எதிர்த்துத் தள்ளுவது போன்றவை. இப்போது வேண்டாம்.

பதில்: பனங்கூடல்

பயிற்சியாளரிடம் நேரில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில் பேசுங்கள் அக்கா. நடந்ததை விடுங்கள், இனி நடக்க வேண்டியதைக் கேளுங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் பெற்றோரில் ஒருவர் தலையடிக்குப் பொறுப்பு என்று முன்கூட்டியே பெயர் குறித்துக்கொள்ளலாம். பயிற்சியாளரோ பிள்ளையோ மறுத்தாலும், வெளியே எடு என்று அவர் சொன்னால் எடுத்துவிட வேண்டும். வெற்றி தோல்வியைக் கவனித்துக்கொண்டிருப்பவரிடம் அந்த முடிவை விடாதிருப்பது அவருக்குமே நிம்மதி. அறிகுறிகளையும் அந்த ஐந்து கேள்விகளையும் அச்சிட்டு, முதலுதவிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். நான் நிற்கும் ஆட்டங்களில் இரு அணியிடமும் தொடக்கத்திலேயே அந்தப் பெற்றோர் யார் என்று கேட்டுவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

கேள்வி கேட்டவர்: கொன்றைப்பூ

நேற்று மாலை அவரிடம் பேசினேன். என்னைவிட அவர்தான் கலங்கிப்போயிருந்தார். அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை என்றார். மூளையதிர்ச்சி பற்றிய இணையவழிப் பயிற்சியைக் கழகத்தின் எல்லாப் பயிற்சியாளர்களும் முடிக்க வேண்டும் என்று செயலாளருக்கு நாங்கள் இருவரும் சேர்ந்தே கடிதம் எழுதியிருக்கிறோம். இந்த ஞாயிற்றுக்கிழமை தலையடிப் பொறுப்பு என் கணவருடையது. மகளும் கூட வருவதாகச் சொல்கிறாள். சத்தம் தாங்காவிட்டால் காருக்குள் உட்கார்ந்துகொள்வாள். இன்று காலையும் எழுந்ததும் சிறிது தலைவலி இருந்தது என்றாள். ஆகவே அறிகுறியில்லாத 14 நாள்களில் முதல் நாளை நாட்காட்டியில் நாங்கள் இன்னும் குறிக்கவில்லை.